துவைக்காத குல்லா

அத்தியாயம் 14

ரோசால்பா கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனதோடு போன வாரம் நிறுத்தினோம். சனிக்கிழமை காலைதான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நாய்கூடக் குரைக்கப் பயந்துகொண்டு மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோசால்பாவின் மூத்த மகன் எதில்சன், பேக்கரியில் மாவு பிசைகிறவன். போசா பேட்டையிலிருந்து விடியுமுன்னே சைக்கிளில் கிளம்பிப் போகிறவன், ஒருநாள் போயாக்கா சாலைத் திருப்பத்தில் மணல் லாரிக்கு அடியில் போய்விட்டான். அன்றைக்கு அவன் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. சைக்கிள் சங்கத்துக்காரர்கள் இந்த ஊர் வழக்கப்படி ஒரு பழைய சைக்கிளுக்கு முழுக்க வெள்ளையடித்து, அவன் விழுந்த இடத்தில் விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

அதன் கைப்பிடியில் ரோசால்பா தன் மகனின் ஹெல்மெட்டைக் கொண்டுபோய் மாட்டினாள். சங்கத்துக்காரர்கள் கழற்றிவிட்டார்கள். செத்தவன் மேலேயே பழி போடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, துணியில் சுற்றி, மருமகள் யாமிலேயின் கையில் கொடுத்தனுப்பினார்கள். வெடித்தது அங்கேதான்.

"அன்னிக்கு நீ இதை அவன் தலையில மாட்டி அனுப்பியிருந்தா, இன்னிக்கு எவனும் எதையும் கழட்ட வந்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் கதவைச் சாத்தினாள்.

யாமிலே வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தெரியாதவள் இல்லை அவள். சந்தையில் உருளைக்கிழங்கு பேரம் பேசினால் கடைக்காரனே காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் வாய் கட்டப்பட்டிருந்தது. கட்டியவன் கொழுந்தன் வில்மர்.

எதில்சனுக்குத் தலையில் அடியே படவில்லை. லாரி அவன் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரோடு கிடந்திருக்கிறான், நினைவோடு. ஆஸ்பத்திரி வாசலில் இதைக் கேட்டதும் வில்மர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது என்றான். பின்மண்டையில் அடி, அந்த நிமிஷமே போய்விட்டான், வலி தெரிந்திருக்காது என்று அவனே போய் அம்மாவிடம் சொன்னான். யாமிலே பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நல்லதுக்குச் சொன்ன பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு ஹெல்மெட் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தலையில் அடி என்றால் தலையை மூடியிருந்தால் பிழைத்திருப்பானே என்றுதான் பெற்றவளுக்குத் தோன்றும். மூடாமல் விட்டது யார் என்று அடுத்தபடியாகத் தேடுவாள். தேடினாள். அகப்பட்டவள் மருமகள்.

யாமிலேக்கு இன்னும் விடியற்காலையில் முழிப்பு வந்துவிடுகிறது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது பின்சக்கரம் டிக் டிக்கென்று ஒரு சத்தம் போடுமே, அது நடையில் கேட்கிறது. சைக்கிளோ போலீஸ் காவலில் நசுங்கிக் கிடக்கிறது. ஒருநாள் மனசு கேட்காமல் எழுந்து வெளியே வந்தாள். நடையின் மறுகோடியில் ரோசால்பா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள் மாமியார்.

சமையலறை அந்தப் பக்கம் இல்லை. ரெண்டு பேரும் அவரவர் அறைக்குத் திரும்பிப் போனார்கள். அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளவும் இல்லை.

சனிக்கிழமைக்கு வருவோம்.

ரோசால்பா கறுப்புக் கோட்டு, கறுப்பு ஸ்கார்ஃப், கையில் ஒரு துணிப்பையோடு சமையலறைக்குள் வந்தாள். யாமிலே வைத்த சங்குவா என்கிற பால் சூப்பில் முட்டையைத் தள்ளிவிட்டு, பாலை மட்டும் நாலு வாய் குடித்தாள். பத்து மணிக்கு முன்னாடி போய்ச் சேரணும், பேர் கொடுத்திருக்கிறேன், என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பேர் கொடுத்திருந்தது நகரசபைக் கூட்டத்துக்கு. பெரியவர்களும் சைக்கிளில் போனால் ஹெல்மெட் கட்டாயம் என்று ஒரு விதி கொண்டுவரலாமா என்று பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு போசா, பள்ளிக்கூட மண்டபத்தில். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் பேச வருகிறாள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவள் ஜெபமாலையை எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து வில்மர் அடுப்படிக்கு வந்தான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ராத்திரிக் காவல் பார்த்துவிட்டு வந்தவன், சீருடையைக்கூடக் கழற்றவில்லை. கண் சிவந்திருந்தது.

"லாரிக்காரனோட வக்கீலும் வரானாம் அண்ணி."

அதுதான் விஷயம். கேஸ் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் போடாமல் வந்தவன் மேலும் பாதித் தப்பு என்பதுதான் மணல் கம்பெனியின் ஒரே வாதம். இதுவரை அது வெறும் வாதம். பெற்ற தாயே மைக் முன்னால் நின்று, ஹெல்மெட் போட்டிருந்தால் என் மகன் பிழைத்திருப்பான் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த டிரைவரை எவன் கேட்பான்? பாதிப் பழி எதில்சன் தலையில் விழும். மீதியைக் கம்பெனி துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடும்.

"அதுக்கு முன்னாடி நீயே உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லு" என்றாள் யாமிலே.

வில்மர் தலையை ஆட்டினான். "தாங்காது அண்ணி. செத்துப் போயிடும். அவன் வலிக்காம போனான்ங்கிற ஒண்ணுலதான் அது மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு."

"அப்ப நான் மட்டும் தாங்கணுமா?"

அவன் முகம் கழுவப் போய்விட்டான். யாமிலேயும் விட்டுவிட்டாள். இன்றைக்கு ஊருக்கு நடுவில் மாமியார் தன் பேரைச் சொல்லப் போகிறாள், இவள்தான் ஹெல்மெட் இல்லாமல் அனுப்பினவள் என்று விரலை நீட்டப் போகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷனுக்கு நியாயம் கிடைக்காது. திறந்தால் அந்தக் கிழவிக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். எது பெரிய பாவம் என்று யோசித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் போயாக்கா சாலை வழியாகத்தான் போனது. தூறல். ஜன்னல் கண்ணாடி பூராவும் ஆவி. திருப்பம் வந்ததும் யாமிலே கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிறாள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறாள். வெள்ளை சைக்கிள் கம்பத்தோடு ஒட்டி நின்றது. பெரிய வண்டிகள் போகிற காற்றுக்கு அதன் முன்சக்கரம் தானாகச் சுற்றும். இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. சங்கிலி போட்டவர்கள் பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அது நிற்கிறதா என்று பஸ் திரும்பும்வரை பார்க்கிறாள்.

பின் சீட்டில் ரோசால்பா சிலுவை போட்டுக்கொண்டாள். வில்மர் மட்டும் திரும்பவே இல்லை. தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டபத்தில் ஏற்கெனவே சண்டை ஆரம்பித்திருந்தது.

ஒரு பக்கம் அறுவைசிகிச்சை நிபுணர் ஓஸ்பினா, நரைத்த தலை, கறாரான குரல். இந்த ஊரில் டை கட்டினவனையெல்லாம் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த அம்மாள் நிஜ டாக்டர். மண்டை பிளந்து வந்தவர்களைத் தன் கையால் தைத்தவள். சைக்கிளிலிருந்து தாங்களே வழுக்கி விழுந்து நடைபாதை விளிம்பில் தலை மோதினவர்களில் ஹெல்மெட் போட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள், போடாதவர்கள் தன் மேஜைக்கு வருகிறார்கள் என்றாள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

எதிர்ப்பக்கம் சைக்கிள் சங்கத்து நெல்சி. எதில்சனுக்காக அந்த சைக்கிளுக்கு வெள்ளையடித்தவள் அவள்தான். டாக்டர் சொல்வது பொய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எங்களைக் கொல்கிறது நடைபாதை விளிம்பு இல்லை, லாரியும் பஸ்ஸும் என்றாள். கட்டாயமாக்கினால் ஏழை பாழை சைக்கிளையே விட்டுவிடுவான், ரோட்டில் சைக்கிள் குறையும், குறைந்தால் வண்டிக்காரனுக்கு இன்னும் குளிர்விட்டுப் போகும். செத்தவன் தலையில் என்ன இருந்தது என்று கேட்கிறவர்கள், கொன்றவன் கண் எங்கே இருந்தது என்று கேட்பதில்லை.

பாதி மண்டபம் கைதட்டியது. மீதிப் பாதி முணுமுணுத்தது. நாமெல்லாம் வீட்டில் பேசுகிறபோது ஒருத்தர் சொல்வது சரியென்றால் இன்னொருத்தர் சொல்வது தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், அதனால்தான் சண்டை ஓயவில்லை. மூன்றாவது வரிசையில் மணல் கம்பெனி வக்கீல் லொசாதா கால்மேல் கால் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அலுத்துப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் இந்த வாதங்களுக்காக வரவில்லை.

ரோசால்பாவைக் கூப்பிட்டார்கள். பையை அணைத்துக்கொண்டு மேடை ஏறினாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். லொசாதா காலைக் கீழே இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். யாமிலே கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் எதில்சனோட அம்மா. ஹெல்மெட் கட்டாயம்னு எழுதிடுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்." விரலை நீட்டினாள். "என் மருமக அதோ உக்காந்திருக்கா. அவதான் போட்டு அனுப்பலேன்னு போசா பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது பொய். அவ தினமும் எடுத்துத்தான் குடுப்பா. அவன்தான் போட மாட்டான். ஏன் போட மாட்டான்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

யாமிலே கண்ணைத் திறந்தாள்.

ரோசால்பா பையிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்தாள். பழுப்பு நிறம், முரட்டு ஆட்டு மயிர், காதை மூடுகிற மாதிரி ரெண்டு பக்கமும் மடிப்பு. விடியற்காலைக் குளிரில் காது விறைத்துப்போகிறது என்று மகன் ஒருநாள் சொன்னானாம். அவள் பின்னிக் கொடுத்தாள். மெல்லிசாகப் பின்னினால் காற்று நுழையும் என்று நூலை இரட்டையாகப் போட்டுப் பின்னினாள். அதையெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டே குல்லாவைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் ஹெல்மெட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

அது இறங்கவில்லை. ரெண்டு கையாலும் அழுத்தினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வாரை இழுத்தாள், மோவாய் வரைக்கும் எட்டவில்லை. கையை எடுத்ததும் ஹெல்மெட் நழுவி மேடையில் விழுந்து உருண்டது. 

"பாத்தீங்களா? அம்மா பின்னினதுன்னு என் மனசு நோகக் கூடாதுன்னு இதைப் போட்டுக்கிட்டுப் போனான். ஹெல்மெட்டை விட்டுட்டுப் போனான். என் மகனை நான்தான் கொன்னேன். எழுதிக்கோங்க."

லொசாதா எழுதிக்கொண்டான்.

யாமிலே எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை நாளும் மருமகளைக் கரித்துக் கொட்டினவள், உள்ளுக்குள் தன்னைத்தானே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வலிக்காமல் போனான் என்பதில் இவள் மூச்சு விடுகிறாளாம். எங்கே விட்டாள்? அந்தப் பொய் ஒவ்வொரு ராத்திரியும் இவள் கழுத்தையல்லவா நெரித்துக்கொண்டிருந்தது. வில்மர் யாமிலேயின் கோட்டைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

"அத்தை, அந்தக் குல்லாவைக் கழட்டுங்க. உள்பக்கம் திருப்புங்க."

ரோசால்பா விழித்தாள்.

"மண்டை உடைஞ்சவன் தலையில இருந்த குல்லா அது. ரத்தம் எங்கே? காட்டுங்க."

"நீ துவைச்சுத்தானே குடுத்தே."

"நான் துவைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில பையில போட்டு எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே உங்க கையில குடுத்தேன். மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க, பேக்கரி மாவு இன்னும் இருக்கும்."

ரோசால்பா மடிப்பைப் பிரித்தாள். கம்பளியின் இடுக்கில் மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியால் தொட்டாள். விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு குல்லாவை வரிவரியாக, பேன் பார்க்கிற மாதிரி, பின்பக்கம் முன்பக்கம் எல்லாம் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"தலையில அடியே படலை அத்தை. லாரி நெஞ்சுல ஏறிச்சு. ஹெல்மெட் போட்டிருந்தாலும் அவர் இல்லை. உங்க குல்லா ஒரு பாவமும் பண்ணலை. நாங்கதான் உங்ககிட்ட பொய் சொன்னோம்."

மைக் அணைக்கப்படவில்லை. மண்டபம் பூராவும் கேட்டது. நெல்சி பாதி எழுந்தாள், இதோ பாருங்கள் என்று சொல்லத்தான். டாக்டர் ஓஸ்பினா கையைக் காட்டி அவளை உட்காரவைத்தாள். அப்புறம் டாக்டர் தானே எழுந்து, தன் கணக்கெல்லாம் தலையில் அடிபட்டவர்களைப் பற்றியது, அந்தக் கணக்கிலிருந்து ஒரு வார்த்தையையும் தான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை, ஆனால் இந்தப் பையன் அதில் சேர்த்தி இல்லை, இவனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்றாள். சொல்லும்போது அவள் பார்த்தது லொசாதாவை. அவன் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தான், ஆனால் இப்போது அவசரம் இல்லாமல் எழுதினான்.

ரோசால்பாவை வெளியே கூட்டிவந்து பள்ளிக்கூடத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மழை சற்று வலுத்திருந்தது. மாமியார் அலறுவாள், மயங்கி விழுவாள், நம் மேல் பாய்வாள் என்று யாமிலே எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். ரோசால்பா ஒன்றும் செய்யவில்லை. குல்லாவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உடனே போகலை, இல்லையா?"

"இல்லை அத்தை."

"பேசினானா?"

"பேசினார்னு ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." யாமிலே பக்கத்தில் உட்கார்ந்தாள். "காபி விக்கிற அம்மா ஒருத்தி பக்கத்துல உக்காந்திருந்தாளாம். அவ பேரு, ஊரு ஒண்ணும் தெரியலை. தேடிப் பாத்தேன்."

"யாரோ ஒருத்தி" என்றாள் ரோசால்பா. "என் பிள்ளை சாகும்போது யாரோ ஒருத்தி." அப்போதுதான் அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

தூணோடு சாய்ந்து நின்றிருந்த வில்மர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். காவல்காரத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"யாரோ இல்லைம்மா. நான் இருந்தேன்."

ரெண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். ராத்திரி வேலை முடிந்து அதே ரோட்டில்தான் திரும்பி வந்துகொண்டிருந்தானாம். கூட்டத்தைப் பார்த்து நின்றானாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த பூட்ஸைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். காபிக்கார அம்மாள் தன் சால்வையைப் போர்த்திவிட்டு நகர்ந்துகொண்டாளாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் தலை இவன் மடியில்தான் இருந்ததாம். வந்ததும் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டானாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துதான் ஓடிவந்தேன் என்று யாமிலேயிடமும் பொய் சொல்லியிருக்கிறான். அவளால் நம்பவே முடியவில்லை. வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதே இவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ரோசால்பா எழுந்து போய்ச் சின்னவன் முன்னால் குனிந்தாள். "உன் மடியிலயா?"

"ஆமாம்மா."

"அப்ப அவன் தனியாப் போகலை."

"இல்லைம்மா."

அந்தக் கிழவி விட்ட மூச்சு இருக்கிறதே, அது எத்தனை மாசமாக உள்ளே நின்றிருந்ததோ. மகன் தலையைப் பிடித்துத் தன் கோட்டோடு அணைத்துக்கொண்டாள். இவளுக்குத் தாங்காது என்று எதை மூடி மூடி வைத்தார்களோ, அதைத்தான் அவள் இப்போது ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னான் என்று கேட்டாள்.

வில்மர் அம்மாவைப் பார்க்கவில்லை. "அண்ணிகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். அண்ணிகிட்ட மட்டும்."

இந்த வீட்டில் எந்தக் கதவு மூடினாலும் அதில் காதை வைக்கிறவள் ரோசால்பா. மருமகளுக்குப் போன் வந்தால் யார், என்ன, எங்கேயிருந்து என்று கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். அவள் குல்லாவைப் பைக்குள் வைத்தாள். ஸ்கார்ஃபை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன் மகளே. நீ கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மகளே என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

யாமிலே வில்மருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தான்.

"சொன்னா நீங்க என்னை இனிமே வீட்டுல சேக்க மாட்டீங்க அண்ணி."

"அது எனக்குன்னு அவர் சொன்னது, வில்மர். உன்கிட்ட வெச்சுக்க அது உன்னோடது இல்லை. சொல்லு."